மட்டக்களப்பின் படுவான்கரையில் பாம்பும் தவளையும் இனங்காண: ஐநேச்சுரலிஸ்ட், சீக் செயலிகள்

ஊர்வனவற்றையும் தவளைகளையும் கைபேசியில் படம் பிடித்து இனங்காண விரும்புவோருக்கு இலவசமாகக் கிடைப்பவற்றுள் ஐநேச்சுரலிஸ்ட் செயலியையே முதலிற் சொல்வேன். 2008 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய இத்தளத்தில், பதிவேற்றிய படத்துக்குக் கணினி ஓர் ஊகத்தைத் தர, பின்னர் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் அதைச் சரிபார்க்கின்றனர். நட்சத்திர ஆமை போன்று ஆபத்துக்குள்ளான இனங்களைக் கண்ட இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டுவதால், பிடித்து விற்போருக்கு நாமே வழிகாட்டிவிடுவோமோ என்ற அச்சம் குறைகிறது. அதன் துணைச் செயலியான சீக்குக்கு இணைய இணைப்பும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். சிக்னல் எட்டாத வட்டைகளில் (வயல்வெளிகளில்) அது பெரிய வசதி.

இருப்பினும் பாம்பு விடயத்தில் கணினியின் ஊகத்தை மட்டும் நம்பக்கூடாது. வீட்டுக்குள் வரும் விசமற்ற ஓநாய்ப் பாம்பும் கடும் விசமுள்ள எண்ணெய் விரியனும் (கட்டு விரியன்) கறுத்த உடலில் வெள்ளை வளையங்களோடு ஒன்றுபோலவே தோன்றும். விரியனின் முதுகு நடுவே ஓடும் வரிசையிலுள்ள செதில்கள் மட்டும் பெருத்து அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அவ்வாறு இல்லை. தூரத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இந்த வேறுபாடு விழுவதேயில்லை. படத்துக்காகக் கிட்டப் போவதோ விளையாட்டல்ல. இத்தகைய செதில் விபரங்களுக்கு, 1921 இல் வெளியான பிராங்க் வாலின் ‘இலங்கைப் பாம்புகள்’ என்ற ஆங்கில நூலுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அறிவியற் பெயர்கள் சில மாறிவிட்டதால் அவற்றை ஊர்வன இனங்களைப் பட்டியலிடும் ‘ரெப்டைல் டேட்டாபேஸ்’ இணையத்தளத்தில் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

முதலைகளில் இச்செயலிகள் ஓரளவு நன்றாகவே உதவுகின்றன, பிடரி தெரியும்படி படம் அமைந்தால். தலைக்குச் சற்றுப் பின்னால் நான்கு பெரிய செதில்கள் வரிசையாகத் தெரிந்தால் அது குளத்து முதலை. வாவியிலும் கழிமுகத்திலும் காணும் உவர்நீர் முதலைக்கு அவை பெரும்பாலும் இராது.

தவளைகளுக்குக் குரலே சிறந்த அடையாளம். மாரியில் வயலெங்கும் கேட்கும் ஒலியை ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றலாம். ஆனால் படத்துக்குத் தருவதுபோல ஒலிக்குக் கணினி ஊகம் தராது, யாராவது கேட்டுச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பதிவுகளுக்கு அந்தக் காத்திருப்பு சற்று நீளமானதுதான்.

கடிபட்டவருக்கு இவை எதுவும் பயன்படா. எண்ணெய் விரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம் என்பதால், பெயர் தேடி நேரத்தைக் கடத்தாமல் ஆளை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாதுகாப்பாக எடுக்க முடிந்த படம் கையில் இருந்தால் அதை வைத்தியரிடம் காட்டலாம்.