பெயர் வெட்டும் லேசர் மிஷின் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டித் தருவது எங்கள் கடையில் அப்பா காலத்து வழக்கம். கரண்ட் பேனாவைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக முப்பது வருஷம் எழுதியவருக்கு இப்போது கை நடுங்குகிறது. சரி, லேசர் வாங்கிவிடலாம் என்று போன ஆவணியில் ஒரு வியாபாரியிடம் போனேன். 1,75,000 ரூபாய். பாதிப் பணத்துக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

விற்றவர் என் கண் முன்னாலேயே செய்து காட்டினார். கறுப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் பெயர் வெள்ளி எழுத்தாகப் பளபளத்தது. "ஸ்டீல் பாட்டில்தான் அண்ணே, உங்க பாத்திரமும் இப்படியே வரும். மரம், அக்ரிலிக் எல்லாம் இதிலேயே பண்ணிக்கலாம்" என்றார்.

மிஷின் கடைக்கு வந்ததும் முதலில் ஒரு தட்டை வைத்தேன். லேசர் ஓடி முடித்தது. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. துணியால் துடைத்தால் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. வேகத்தைக் குறைத்தேன், பவரைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு 300 தம்ளர் ஒப்புக்கொண்டிருந்தேன். நடுங்கும் கையோடு அப்பாதான் மறுபடியும் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். எனக்கு விற்றது சிஓ2 லேசர். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். மரம், அக்ரிலிக், தோல், பெயின்ட் எல்லாம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். பளபளப்பான உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பாட்டிலில் லேசர் எரித்தது மேலே இருந்த பெயின்டை மட்டும். அடியிலிருந்த ஸ்டீல் வெளியே தெரிந்ததைத்தான் ஸ்டீலில் வெட்டியதாகக் காட்டியிருக்கிறார். எவர்சில்வருக்கு வேண்டியது ஃபைபர் லேசர். அது சுமார் 1.06 மைக்ரான், உலோகத்தில் பிடிக்கும். விற்றவருக்குப் போன் செய்து கேட்டபோது, லேசரை உண்டாக்கும் ட்யூபைப் பெரிதாகப் போட்டால் சரியாகும் என்று இன்னும் 45,000 கேட்டார். அதன் பிறகு, ஒரு ஸ்ப்ரே அடித்துச் சுட்டால் கறுப்பாகப் பதியும் என்றார். அப்படி ஒரு முறை உண்டுதான். ஆனால் ஒவ்வொரு தம்ளருக்கும் அடித்து, காயவைத்து, சுட்டு, கழுவினால் கூலி கட்டுமா? சாப்பிடுகிற பாத்திரத்தில் அதை அடிக்க எனக்கு மனசும் வரவில்லை.

தயவுசெய்து உங்கள் கடைப் பாத்திரத்தையே எடுத்துப்போய், அதில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் இல்லாத தட்டு ஒன்று, வளைந்த சொம்பு ஒன்று. சொம்புக்குச் சுழற்றும் ரோட்டரி தனியாக வேண்டும், அது விலையில் சேர்த்தியா என்று கேளுங்கள். அடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஈரமாகவே ஒரு ராத்திரி வையுங்கள். ஃபைபரிலும் சூடு அதிகமானால் எழுத்து நன்றாகக் கறுக்கும், ஆனால் அந்த இடத்தில் துரு பிடிக்கலாம். ஒரு நண்பர் கடையில் அடித்துவந்த தம்ளரில், ‘மு’ எழுத்தின் சுழியில் காலையில் செம்பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது. சூட்டைக் குறைத்து அடித்த இன்னொன்று இன்றுவரை சுத்தமாக இருக்கிறது.

கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சிஓ2 மிஷினில் மூடியாக வரும் அக்ரிலிக் அந்த ஒளியைத் தடுக்கும். ஃபைபர் ஒளி தெளிவான அக்ரிலிக்கைத் தாண்டி வரும், கண்ணுக்கும் தெரியாது, நேராக விழித்திரையைச் சுடும். 1064 நானோமீட்டர் (மேலே சொன்ன 1.06 மைக்ரான்தான்) என்று அச்சிட்ட கண்ணாடி இல்லாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். பாத்திரத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஆபத்துதான்.

என் பில்லில் ‘லேசர் எங்ரேவிங் மிஷின், 1’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வகை, எதில் வெட்டும் என்று ஒரு வரி இல்லை. அதைக் காட்டித்தான் திரும்ப எடுக்க மறுக்கிறார். நல்லவேளை, "ஸ்டீல்ல கண்டிப்பா வரும்" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என் போனில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய மிஷின் என்பதால் நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அடுத்த வாரம் போகிறேன், அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு.