9,500 டாலர் போச்சு: பழைய ப்ராக்வே லாரி வாங்க நினைக்கிறவங்க படிச்சுட்டுப் போங்க

மூணு நாளாத் தூக்கமில்லை. கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க.

நான் இருக்கிறது அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ்ல. தெற்கே அரை மணி நேரம் சொச்சம் ஓட்டினா கார்ட்லேண்ட். ப்ராக்வே லாரிக்குப் பொறந்த ஊர். 1912ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க, 1956ல மேக்ங்கிற இன்னொரு லாரி கம்பெனி வாங்குச்சு, 1977ல இழுத்து மூடிட்டாங்க. பானட் நுனியில ஹஸ்கி நாய் ஒண்ணு நிக்குமே, அந்த லாரிதான். வருஷா வருஷம் அங்க நடக்கிற கண்காட்சிக்குப் போய்ப் போய் எனக்குப் பைத்தியம் முத்திருச்சு.

பழைய வண்டி விக்கிற ஒரு விளம்பரத் தளத்துல 1972ல வந்த ப்ராக்வே 361 ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கம்மின்ஸ் டீசல், இன்ஜின் வேலை முழுசாப் பாத்ததுன்னு போட்டிருந்தான். ஆள் பென்சில்வேனியா வியாபாரி. "டைட்டில் இருக்கா?"ன்னு கேட்டேன், வண்டி யாருக்குச் சொந்தம்னு அரசாங்கம் கொடுக்கிற பத்திரம் அது. "உங்க நியூயார்க்ல 1972 மாடல் வரைக்கும் டைட்டிலே கொடுக்கிறதில்லையே, விற்பனை ரசீது போதும்"னான். உடனே வண்டி பதிவு பண்ற அரசு ஆபீஸான டிஎம்வியோட தளத்துல தேடினேன். டைட்டில் கொடுக்கிறதில்லைங்கிறது நிஜம்! அங்கதான் விழுந்தேன். என் ஊர்ச் சட்டத்தை எனக்கே சொல்லித் தர்றவன் ஏமாத்தவா போறான்? மறுநாள் காலையில 9,500 டாலரையும் பேங்க் வயர்ல அனுப்பிட்டேன். நேர்ல போய்ப் பாக்கலை. அஞ்சு மணி நேரம் ஓட்டணுமேன்னு சோம்பல்.

லாரி வந்து இறங்குச்சு. நாய் பிளாஸ்டிக். சரி, தொலையட்டும். டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் பால் டீ நிறத்துல இருக்கு. தண்ணி கலந்திருக்கு. சேஸ்ல கறுப்புப் பெயின்ட் பளபளன்னு மின்னுச்சு. ஸ்க்ரூடிரைவரால ஒரு தட்டு தட்டினேன், பட்டியோட பேந்து விழுந்துச்சு. சேஸ்ல ஒட்டினாப்ல இருக்கிற ரெட்டை இரும்புச் சட்டத்துக்கு நடுவுல துரு உப்பி, விரல் நுழையற அளவுக்கு ரெண்டு இரும்பையும் பிரிச்சு வச்சிருக்கு. இன்ஜினைக் கூட விடுங்க. ப்ராக்வே இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் வெளியில வாங்கிப் பூட்டினவங்க, கம்மின்ஸுக்கு இன்னைக்கும் சாமான் கிடைக்கும். கேபினுக்கும் சேஸுக்கும் எங்க போறது? கம்பெனியே இல்லையே!

டிஎம்வி கவுண்டர்ல அடுத்த அடி. வண்டி பென்சில்வேனியாவுல இருந்து வந்திருக்கு, அங்க டைட்டில் உண்டு, அதைக் கொண்டு வான்னுட்டாங்க. அந்த வியாபாரி பேர்ல டைட்டிலே கிடையாதாம்.

வியாபாரிக்குப் போட்ட முதல் போனுக்கு, "ஏத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு, ஏத்திட்டு வந்தவனைக் கேளு." ரெண்டாவது போனுக்கு, "இருக்கிற நிலையில வாங்கிக்கிறேன்னு ரசீதுல கையெழுத்துப் போட்டிருக்கியே, படிக்கலையா?" அதுக்கப்புறம் வாய்ஸ்மெயில்தான். தளத்துக்காரங்க, நாங்க விளம்பரம் மட்டும்தான் போடுறோம்ங்கிறாங்க. பேங்க்ல, வயர்ல போனது போனதுதானாம். 9,500 டாலர்ங்க! அதுக்கு மேல ஏத்திட்டு வந்த கூலி தனி.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியலை. நேர்ல பாக்காமப் பணம் அனுப்பாதீங்க. இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, எனக்கு வீடியோவுல காட்டினது ஏற்கெனவே சூடான வண்டி. விக்கிறவன் மாநிலத்துப் பேப்பரைக் கேளுங்க. வயர் வேண்டவே வேண்டாம்.

பதிவு இல்லாத வண்டியை வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னு டவுன்காரங்க காலையில நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப இதை எங்க கொண்டு போய் நிறுத்த, இடம் இருந்தா யாராவது சொல்லுங்க.