எலிவால் கொலாஜன் போத்தல்: பார்க்கின்சன் கல ஆய்வுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். கலம் வளர்க்கும் இன்னொரு ஜெல்லான மேட்ரிஜெல்லுக்குக் காசு கட்டாதபடியால் எடுக்கும் இரண்டாந்தரச் சரக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். கிழக்கிலங்கையின் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கல வளர்ப்பு மேசை வைத்திருந்து, நரம்புக் கலங்களை ஹைட்ரோஜெல்லுக்குள் (நீர் நிறைந்த மென்மையான ஜெல்) வைத்துப் பழக விரும்புபவருக்கு, மில்லிலீட்டருக்கு 3 மி.கி. உள்ள முதலாம் வகைக் கொலாஜன் (எலி வாலிலிருந்து எடுக்கும் புரதம்) கரைசல்தான் எங்கள் முதல் தெரிவு.

ஜெல் ஏன் தேவை? பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்கள். கருவிலிருந்து எடுத்த டோபமைன் நரம்புக் கலங்களைப் பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் வைக்கும் சிகிச்சை 1987 இல் சுவீடனின் லுண்டில் செய்யப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே உள்ள தலையிடி, வைத்த டோபமைன் கலங்களில் பெரும்பகுதி சீக்கிரமே செத்துப்போவது. சில ஊசிக்குள் நசிகின்றன, சில பற்றிக்கொள்ள இடமில்லாமல் தாமே அழிகின்றன. மிச்சத்தில் பல இரத்தக்குழாய் வந்து சேரமுன் பட்டினியில் போகின்றன. ஜெல் இவற்றுக்குப் பிடிப்பும் மறைப்பும் தரும், வளர்ச்சிக் காரணியையும் பக்கத்தில் பிடித்து வைக்கும். அயர்லாந்தின் கோல்வே ஆய்வாளர்கள் ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை ஏற்றிய கொலாஜன் ஜெல்லில் கருக் கலங்களை எலி மூளையில் வைத்தபோது, பிழைத்த டோபமைன் கலங்கள் சுமார் 5 மடங்கு கூடின. இது 2017 இல் வெளிவந்தது. எலியில்தான், மனிதரில் அல்ல.

மேட்ரிஜெல்லில் கலங்கள் நன்றாக வளரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எலியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து பிரித்தெடுத்தது, தொகுதிக்குத் தொகுதி மாறுவது. நாளைக்கு நோயாளிக்கு என்று யோசித்தால் அந்த வழி முட்டுச்சந்து. 10 பாகைக்கு மேல் போனாலே இறுகத் தொடங்கும், கழித்தல் 20 இல் வைக்கவும் வேண்டும். கரண்ட் போய் வரும் இடத்தில் உருகி உறைந்து உருகி, இரண்டு மாதத்தில் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கொலாஜன் அப்படியல்ல. அசற்றிக் அமிலத்தில் கரைந்திருக்கும்வரை இறுகாது. பிரிட்ஜின் 2 முதல் 8 பாகை போதும்; கதவைத் திறக்காவிட்டால் சில மணி நேரக் கரண்ட் வெட்டையும் தாங்கும். உறைவதுதான் அதற்கு ஆகாது, உறைந்த கொலாஜன் பிறகு ஒழுங்காக இறுகாது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் ரெஜிபோம் பெட்டியில் ஜெல் ஐஸ் பொதியும் போத்தலும் ஒட்டிக் கிடந்தால் வரும் வழியிலேயே கெட்டுவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி, இடையில் மட்டை வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

1 மி.லீ. ஜெல்லில் 2 மி.கி. கொலாஜன் வேண்டும் என்றால் கணக்கு இது: கொலாஜன் 667 மைக்ரோலீட்டர், பத்து மடங்கு செறிவான பி.பி.எஸ். (உப்புத் தாங்கற் கரைசல்) 80, ஒரு நோர்மல் சோடியம் ஐதரொட்சைட்டு 15, குளிர்ந்த நீர் 38, கலக் கரைசல் 200. பி.பி.எஸ்., நீர், சோடியம் ஐதரொட்சைட்டு மூன்றையும் முதலில் கலக்குங்கள், பிறகு கொலாஜன், கடைசியில் கலங்கள். பலர் பி.பி.எஸ். 100 போடுகிறார்கள். கலங்கள் வரும் வளர்ப்பூடகத்தில் ஏற்கெனவே சரியான அளவு உப்பு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 100 போட்டால் உப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடி, கலங்கள் சுருங்கும். பழியை ஜெல் சுமக்கும்.

பீ.எச். 7.2 முதல் 7.4. பீனோல் சிவப்பு (வளர்ப்பூடகத்தில் பீ.எச். காட்டும் சாயம்) மஞ்சளாக நின்றால் அமிலம் மிச்சம், இறுகாது. கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் காரம் கூடிவிட்டது. சோடியம் ஐதரொட்சைட்டு 15 ஐயும் ஒரேயடியாக ஊற்றாமல் கடைசி 2, 3 மைக்ரோலீட்டரை ஒதுக்கி வைத்து, கொலாஜன் சேர்ந்த பிறகு துளித்துளியாக விடுங்கள். நடுநிலையாக்கிய பிறகு ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். 37 பாகையில் 30 முதல் 40 நிமிடத்தில் வெண்புகை படிந்த ஜெல் வரும். தெளிவாகவே இருந்தால் இறுகவில்லை.

கச்சான் வீசும் மாதங்களில் இந்த ஐஸ் வேலைதான் முழுப் பரிசோதனையையும் தீர்மானிக்கும். டிப், குழாய், சிரிஞ்ச் எல்லாம் முதல் நாளே பிரிட்ஜுக்குள் போகட்டும். வெறும் ஐஸ் துண்டுகளுக்கிடையே காற்று நிற்கும். கல்முனை, வாழைச்சேனை மீன் வாடிகளுக்குப் போகிற ஐஸ் கட்டியை நொறுக்கி, தண்ணீர் விட்டுக் கூழாக்கினால் குழாயைச் சுற்றி நன்றாகப் பிடிக்கும். குழாயின் வாய் மட்டும் மேலே இருக்கட்டும், அது மீன் ஐஸ். குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். வந்த குமிழியை ஜெல் விடாது.

கோல்வேயில் செய்ததுபோல நான்கு கிளைப் பீ.ஈ.ஜி. குறுக்கிணைப்பியும் (கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பொருள்) வாங்குவதானால் மாரிகாலத்தில் கவனம். அதன் முனைகள் ஈரத்தில் அழியும். பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தல் அறைச் சூட்டுக்கு வருமுன் திறந்தால் உள்ளே ஈரம் படிந்துவிடும். கலக்கும் நேரத்தில்தான் கரைக்க வேண்டும். டிரிஸ் என்ற தாங்கற் கரைசலிலோ அமினோ அமிலம் நிறைந்த வளர்ப்பூடகத்திலோ கரைத்தால் குறுக்கிணைப்பியை அவையே தின்றுவிடும். குறை என்று சொல்வதானால், பழகாத கைக்கு இது மேலதிகச் சுமை. முதலில் வெறும் கொலாஜனில் கை படியட்டும்.

பலர் பழகப் பயன்படுத்தும் எஸ்.எச்.-எஸ்.வை.5.வை. என்ற கல வரிசையை வைத்து "ஜெல்லில் நன்றாகப் பிழைத்தன" என்று முடிவெழுத வேண்டாம். அவை புற்றுநோய்க் கலங்கள், பிடிப்பில்லாமலும் தாக்குப்பிடிக்கக்கூடியவை. கை பழக அவை போதும், பிழைப்பு விகிதத்துக்கு நரம்புக் கலங்களே வேண்டும். ஜெல் இல்லாத கிண்ணமும், ஜெல் இருந்து ஜி.டி.என்.எஃப். இல்லாத கிண்ணமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் நோயாளி இருப்பவர்களும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். போத்தலில் "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பது சும்மா அல்ல. இது மருந்தல்ல, பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவை நிறுத்த இதில் ஒரு காரணமும் இல்லை.

சிறிய போத்தலையே வாங்குங்கள். திறந்த திகதியை மேலே எழுதி, கிருமி புகாத மேசையில் மட்டும் திறவுங்கள். கட்டி கட்டியாகவோ கலங்கலாகவோ தெரிந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.