பாளையங்கோட்டையில் கழுத்துவலிக்கு மருத்துவம் பார்த்த அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனைக்கு வெளியே எடுக்கும் பிசியோதெரபிக்கு அரசுக் காப்பீடு பணம் தராது. அலுவலகக் காப்பீட்டிலும் ஆண்டு வரம்பு உண்டு. நாள்பட்ட கழுத்துவலிக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். டொராண்டோவில் நாள் முழுவதும் கணினி முன் கணக்கு வேலை பார்க்கும் எனக்கும் அப்படித்தான் தீர்ந்தது. அதனால் இந்த முறை ஊருக்குப் போனதும் உறவினர் வீடுகளுக்கு முன்பாக வைத்தியத்துக்கு நாள் ஒதுக்கினேன். இதே வலியோடு ஊருக்குப் புறப்படுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் போன நிலையத்தின் பெயர் வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, பத்து நாள் மின்சிகிச்சைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் போன்றவை சிலருக்குச் சிறிது நேரம் வலியைத் தணிக்கலாம். பலவீனமான தசைக்கு அவை வலுவூட்டுவதில்லை. இயந்திரத்தை மட்டும் நம்பும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்துப் போனது மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த சிறிய நிலையம். ஒரு முறைக்கு 300 ரூபாய். அங்கிருந்த இளம் பிசியோதெரபிஸ்ட், "அலுவலகத்தில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள் அக்கா" என்று சொல்லி, பக்கவாட்டில் நின்று என் கைப்பேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார். காது தோளுக்கு நேராக இல்லாமல் வெகுவாக முன்னால் தள்ளியிருந்தது. தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் போகப் போக, கழுத்தின் பின்புறத் தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் ஓய்வே இல்லாமல் அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிறகு விரல்களில் மரமரப்பு உண்டா என்று கேட்டார். பிடியின் வலுவைப் பார்த்தார், சிறு சுத்தியலால் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டினார், கழுத்தைச் சாய்த்து மெல்ல அழுத்தினார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. என் வலிக்கு அத்தனை பொறுமையாக யாரும் நேரம் தந்ததில்லை.

"ஸ்கேன் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். இப்போது தேவையில்லை என்றார். நடுவயதில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் எலும்புத் தேய்மானம் தெரியும். அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கழுத்தை அசைக்கவே பயப்படுகிறவர்கள்தான் தன்னிடம் அதிகம் வருகிறார்கள் என்றார். கைவலு குறைவது, பொருள்கள் கை நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு வலி வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் கற்றுத்தந்த பயிற்சிகள் எளியவை. தலையைக் குனியாமல் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்த வேண்டும். பிறகு தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுப்பக்கம் நெருக்க வேண்டும். சில நாள் கழித்து ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்லிப் பாரத்தைக் கூட்டினார். தசை வலுப்பெற வாரக்கணக்கில் ஆகும் என்பதையும், வலி குறைந்ததும் நிறுத்திவிட்டால் திரும்பி வரும் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொன்னார்.

விடுமுறையின் பாதி நாள்களில் நான் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்தேன். டொராண்டோவின் காலை ஒன்பது மணி கோடையில் நமக்கு மாலை ஆறரை. சாப்பாட்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, மடிக்கணினி. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றது தவறாகிவிடும். வண்ணார்பேட்டையில் ஆயிரம் ரூபாய்க்குள் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கினேன். பழைய தீபாவளி மலர்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி ஒரு கை தூரத்தில் உயர்த்தினேன். கால் தொங்காமலிருக்க அம்மா மணைப்பலகையை எடுத்துக் கொடுத்தார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றம் வரை நடந்தேன். சிகிச்சைக்கு இணையாக இதுவும் வேலை செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் போனேன். காலையிலேயே வெளிநோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பீடி சுற்றும் பெண்கள். மடியில் சுளகை வைத்துக் குனிந்தே பல மணி நேரம் உழைப்பவர்கள். வலி எனக்கு இருக்கும் அதே இடத்தில்தான். கழுத்துவலியைக் கணினிக்காரர்களின் நோய் என்று நினைப்பவர்கள் அந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில், உடலைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட அதில் ஒன்பது வகை உண்டு. தைலம் தேய்த்துத் தோளைப் பிடித்துவிட்டு நொச்சியிலை ஒற்றடமும் கொடுத்தபோது, நெடுநாள் இறுக்கம் தளர்ந்து அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அந்தச் சுகம் ஓரிரு நாள் நின்றது. அந்த நாள்களில் பயிற்சி செய்வது சுலபமாக இருந்தது. தொக்கணத்தைத் தனி மருந்தாக எண்ணாமல் பயிற்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. வெளியே சிலர் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் வலிப்பொடியை மட்டும் தொடவே வேண்டாம்; இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. முடி வெட்டிய பிறகு கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்க விடாதீர்கள். கழுத்தெலும்பின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். என் தம்பியிடம் சண்டைபோட்டுத்தான் நிறுத்த வைத்தேன்.

சிகிச்சைக்கு ஊர் வந்த முதல் வாரமே போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் பயிற்சியைக் கூட்டித் தர அவர்களுக்கு அவகாசம் இருக்காது. பரிசோதனைக் குறிப்பை எழுதி வாங்குங்கள். பயிற்சிகளை நீங்கள் செய்யும்போது காணொளி எடுக்கச் சொல்லுங்கள். எனக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அதே கட்டணத்தில்.