கத்தரித்துக் கொடுத்த ஆறு மாத்திரை

"அண்ணாச்சி, அந்தப் படபடப்பு மாத்திர ஆறு குடுங்க."

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு அக்கா கேட்ட தொனி, அரை லிட்டர் பால் பாக்கெட் கேட்கிற தொனிதான். கடைக்காரரும் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. அட்டையை உருவினார், கத்தரிக்கோலால் ஆறு மாத்திரையை நறுக்கினார், பழுப்புக் கவரில் போட்டு நீட்டினார். மருந்துப் பெயரும் எக்ஸ்பைரி தேதியும் அச்சடித்த துண்டு டப்பாவுக்கே திரும்பிப் போயிற்று. கவருக்குள் போனது அல்பிரசோலாம் 0.25 மி.கி. நாளைக்கு ஒரு டாக்டர் "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "சின்னதா இருக்கும் சார்" என்பதற்கு மேல் அந்த அக்காவால் சொல்ல முடியாது.

லண்டனில் சூப்பர்மார்க்கெட்டில் பாரசிட்டமாலே இரண்டு பாக்கெட்டுக்கு மேல் எடுத்தால் கல்லாவில் நிறுத்திவிடுவார்கள். இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலாம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கவுண்டரில் கண்ணில் பட்ட ஒரே நோட்டு, கடன் நோட்டு.

ஆறு மாத்திரைக்கு இத்தனை பேச்சா என்றால், ஆமாம். இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பை அடக்கும், சில மணி நேரத்தில் இறங்கும். இறங்கும்போது படபடப்பு முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பலாம். 'வியாதி முத்திருச்சு' என்று நினைத்து ஒன்று இரண்டாகும். சில வாரம் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை உதறும், சிலருக்கு வலிப்பே வரும். அதனால் இதைப் படித்துவிட்டு அம்மாவின் டப்பாவைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பிரிட்டனில் இந்த வகை மாத்திரையை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை.

முதலில், அது வியாதிதானா? ப்ளஸ் டூ ரிசல்ட், மகள் கல்யாணம், விசா இன்டர்வியூ என்று வருகிற டென்ஷன், காரியம் முடிந்ததும் போய்விடும். அதற்கு மருந்து வேண்டாம். பதற்ற நோயில் காரியம் முடிந்தாலும் கவலை முடியாது. மகன் ஹாஸ்டலில் இறங்கிப் போன் போட்ட மறு நிமிஷமே தண்ணி ஒத்துக்குமோ, ரூம்காரப் பையன் எப்படியோ என்று அடுத்தது வந்து உட்காரும். ஆறு மாதமாகப் பெரும்பாலான நாள் இப்படி, நிறுத்த நினைத்தும் முடியவில்லை. கூடவே இருப்புக் கொள்ளாமை, அசதி, கவனம் சிதறல், எரிச்சல், தோள் கழுத்து இறுக்கம், தூக்கமின்மை ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். பஸ் ஏறப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போவதையே விட்டவரானால் தள்ளிப்போடவே கூடாது.

திடீரென்று நெஞ்சடைத்து, மூச்சு முட்டி, பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போவது பேனிக் அட்டாக். ஊரில் இதற்கு 'கேஸ்' என்று பெயர், சோடா வைத்தியம். முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் படபடப்பைத் தரும். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் ஃபில்டர் காபியும்தான்.

எரிச்சலுக்கு நடுவே சொல்ல நல்லதும் இருக்கிறது. அதே ஊரில் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓபி சீட்டு போட்டால் மனநல டாக்டரையே பார்க்கலாம், மாத்திரையும் இலவசம். இங்கிலாந்தில் பேச்சு சிகிச்சைக்கு நாமே பெயர் கொடுக்கலாம், ஆனால் முறை வர வாரக்கணக்கில் காத்திருக்கணும். அங்கே சிகிச்சை தொடங்கிவிட்டால் வாரம் ஒன்றாகப் பல அமர்வு உண்டு. இங்கே ஓபி கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதனால் "சைக்காலஜிஸ்ட்டையும் பார்க்கணும் சார்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வெளியே போவதானால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று பாருங்கள். 'கவுன்சலர்' போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

பதற்ற நோய்க்கு டாக்டர் பெரும்பாலும் எழுதுவது எஸ்சிடலோபிராம் மாதிரி, தினமும் போடுகிற ஒரு மாத்திரை. 5 மி.கி.யில் தொடங்கி 10க்குப் போவது வழக்கம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாவது ஆகும். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம், பலர் விட்டுவிடுவது இங்கேதான். "அந்த மாத்திர ஒத்துக்கல அண்ணாச்சி" என்று அதே கவுண்டருக்கே திரும்புவார்கள். சரியான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள்.

ஓபிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் நறுக்குவதற்கு முன்னாலேயே முழு அட்டையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பெயர் இருக்கிற பக்கமாக நறுக்கித் தாருங்கள் என்றும் கேட்கலாம். அடுத்து வருகிறவரும் அதே பக்கத்தைக் கேட்டால் அது அண்ணாச்சி பாடு.