ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே, பேன்டோன்: லோகோ நிறத்துக்கு எதை நம்புவது?

போன் திரையில் பளிச்சென்று மின்னிய நீல லோகோ, விசிட்டிங் கார்டில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தால் முதல் திட்டு பிரஸ்காரருக்குத்தான். நானும் திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையில் 0, 0, 255 என்று நான் வைத்திருந்த நீலத்தை நான்கு மைகளை வைத்துக்கொண்டு யாராலும் அச்சடிக்க முடியாது.

திரை ஒளியில் வேலை செய்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை, மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் சேர்க்கைகள், மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. காகிதத்தில் அப்படியே தலைகீழ். மை ஒளியை விழுங்கியது போக மிச்சம் திரும்பி வருவதுதான் நமக்கு நிறம், ஆகவே மை சேரச் சேர இருட்டும். சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கொட்டினாலும் அழுக்குப் பழுப்புதான் மிஞ்சும் என்பதால்தான் கறுப்பு தனியாக வருகிறது, இந்த நான்கு மைதான் சிஎம்ஒய்கே. சிஎம்ஒய்கேயில் நீலம் வேண்டுமென்றால் மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதப் புள்ளியாவது குறைத்து வையுங்கள், நெருங்கினால் ஊதாதான்.

பேன்டோன் வேறு ரகம். 1963இல் வந்த முறை, புள்ளிகளாகக் கலக்காமல் முன்பே கலந்த ஒரே மை, அதற்கு ஓர் எண். எண்ணுக்குப் பின்னால் வரும் சி பளபளப்புத் தாளுக்கு, யு சாதாரணத் தாளுக்கு. மை ஒன்றுதான், தாள் மாறினால் தோற்றம் மாறும். பளிச்சென்ற ஆரஞ்சும் பச்சையும் சிஎம்ஒய்கேயில் மங்கிவிடும், அங்கே பேன்டோனை மிஞ்ச ஆளில்லை. செலவுதான் இடிக்கும், ஒரு மைக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) என்பதால் மல்டிகலர் வேலையில் ஐந்தாவதாக ஒன்று போட வேண்டும். ஆனால் கறுப்பும் ஒரு நீலமும் மட்டும் உள்ள லெட்டர்ஹெட்டை ஆஃப்செட்டில் அடித்தால் நான்கு பிளேட்டுக்குப் பதில் இரண்டே போதும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஃபிளக்ஸ், டிஜிட்டல் பிரிண்ட்டுக்குப் பேன்டோன் எண் கொடுத்தாலும் மெஷின் பெரும்பாலும் தன்னிடமுள்ள மைகளில்தான் கலந்து ஒப்பேற்றும். மென்பொருளையும் முழுக்க நம்ப முடியாது. 2022இல் ஃபோட்டோஷாப்பில் இருந்த பேன்டோன் நிறத் தொகுப்புகள் சந்தாவுக்குப் போனபோது, பழைய ஃபோட்டோஷாப் ஃபைல்களில் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிந்து பலர் தலையில் கைவைத்தார்கள்.

சரி, எதை எடுப்பது? லட்சக்கணக்கில் அட்டைப்பெட்டி அடிக்கிற கம்பெனி என்றால் யோசிக்காமல் பேன்டோன். துணிக்கடை, பேக்கரி மாதிரி இடத்துக்கு அது வீண் செலவு, சிஎம்ஒய்கேயில் தொடங்குங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே தாளில், லேமினேஷன் உண்டென்றால் அதையும் போட்டு, நாலைந்து நிறக் கட்டம் அடித்துப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நெருக்கமான ஆர்ஜிபியை இணையதளத்துக்கு வையுங்கள். பலரும் திரையில் தொடங்கிக் காகிதத்தில் ஏமாறுகிறார்கள், காகிதத்தில் கிடைத்ததைத் திரைக்குக் கொண்டுபோவது ரொம்பவே சுலபம்.

வாட்ஸாப்பில் வருகிற புரூஃபை (அச்சுக்கு முந்தைய மாதிரியை) பார்த்து 'கலர் ஓகே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எழுத்துப்பிழை பார்க்கத்தான் ஆகும்.