ஏணைக்கு அடியில் ஒரு போர்வை: நான்கு தை மாதங்கள் கழித்து

மின்விசிறி நின்றால் நித்திரை கலைந்துவிடும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு குளிர்ப் போர்வையைப் பற்றி எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் தை, மாசி வந்தால் கோட்டையில் புகையிரதம் ஏறி, நுவரெலியாவுக்குப் பக்கத்து நிலையமான நானுஓயாவில் இறங்கிவிடுவேன். நண்பனுடைய மாமாவின் காணியில், இரண்டு யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தொங்குபடுக்கை கட்டி உறங்குவது நான்கு வருடப் பழக்கம். "கழுதை வயதில் ஏணை கேட்கிறதோ?" என்றார் அம்மா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் ஏணைதான்.

முதல் வருடம் ஒரு கணக்குப் போட்டேன். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு வெப்பநிலை ஆறரைப் பாகை குறையும் என்றால், கொழும்பின் 24 பாகை அங்கே 12. முகில் இல்லாத தை மாத இரவு இந்தக் கணக்கையெல்லாம் மதிப்பதில்லை; புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும் விடியல்கள் அங்கே உண்டு. தடித்த உறக்கப்பைக்குள் இருந்தும் நெஞ்சு வியர்த்தது, முதுகு விறைத்தது. இரண்டு மணிக்கு மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்தார்.

பஞ்சு தானாகச் சூடு தருவதில்லை. அதற்குள் அடைபட்ட காற்றுத்தான் உடம்பின் சூட்டைக் காக்கிறது. நம் பாரத்தில் உறக்கப்பையின் அடிப்பக்கம் நசுங்கியதும் அந்தக் காற்று போய்விடும். ஏணைக்குக் கீழேயோ குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த முறை போம் மெத்தை ஒன்றை உள்ளே விரித்தேன். முதுகு தப்பியது, தோள்கள் தப்பவில்லை. புரண்டால் மெத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பிறகுதான் ஏணைக்கு வெளியே, அடியில் தொங்கும் போர்வை. உடம்பு நசுக்காததால் பஞ்சு உப்பியே இருக்கும். புறக்கோட்டையில் ஆடைத் தொழிற்சாலை மிச்சத் துணியும் பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பும் வாங்கி, பக்கத்துத் தெருத் தையல் அக்காவிடம் கொடுத்தேன். "இது என்ன தம்பி, குதிரைக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தைத்தார்.

தைத்தது சுலபம், கட்டப் பழகத்தான் ஒரு வருடம் பிடித்தது. இலாஸ்டிக் கயிறு தளர்ந்தால் துணிக்கும் முதுகுக்கும் இடையே காற்று புகுந்து, போர்வை இருந்தும் இல்லாத கதையாகிவிடும். இறுக்கினால் பஞ்சு நசுங்கும். நான் படுத்த பிறகு நண்பன் இடையில் கையை நுழைத்துப் பார்ப்பான்: போர்வை முதுகை ஒட்டியிருக்க வேண்டும், கையை அழுத்தக் கூடாது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்ள சுருக்குக் கயிறுகளை இழுத்து மூட மறந்த ஒரு நாள், இரவு முழுவதும் புகைபோக்கிக்குள் படுத்ததுபோல் இருந்தது. ஏணையில் சற்றுக் குறுக்காகப் படுப்பவன் நான். போர்வையையும் அதே சாய்வுக்கு நகர்த்தாவிட்டால் பாதங்கள் வெளியே நின்றுவிடும்.

நைலோன் ஏணை ஈரம் பட்டால் இளகித் தாழும். பனி விழுந்த இரவுகளில் நடுச்சாமத்தில் இடுப்பு இறங்கியது அதனால்தான் என்று தெரியாமல் முடிச்சைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே கட்டும் விரிப்பைக் காற்று வரும் பக்கம் தாழ்த்துவதும், சுடுநீர்ப் போத்தலைக் காலுறைக்குள் போட்டுத் தொடையிடுக்கில் வைத்துக்கொள்வதும் இப்போது கை தானாகச் செய்கிற வேலைகள். மூக்கை மட்டும் உறக்கப்பைக்கு வெளியே விட்டுவிடுவேன். உள்ளே விடும் மூச்சு முழுவதும் ஈரம்.

நான்கு வருடத்தில் போர்வையைக் கெடுத்தது மலைநாட்டுக் குளிர் இல்லை, கொழும்புதான். முதல் வருடம் பைக்குள் திணித்து அலமாரியில் வைத்தேன். அடுத்த தையில் பூஞ்சண வாடையும் அமுங்கிய பஞ்சுமாக வெளியே வந்தது. இலாஸ்டிக்கை இரண்டு முறை மாற்றிவிட்டேன். இடுப்புப் பக்கம் பஞ்சு மெலிந்து வெளிச்சத்தில் துணி தெரிகிறது. அந்த இடத்துக்கு ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். இறகு நிரப்பிய போர்வை இலேசானது என்று நண்பன் ஆசை காட்டுகிறான். நனைந்தால் அமுங்கிச் சூட்டை விடும் இறகு, கடற்கரையோரம் வாழும் எனக்கு வேண்டாம்.

இப்போது அது அறைக் கதவுக்குப் பின்னால் விரிந்தபடி தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், "தம்பியின் ஏணைச் சீலை" என்கிறார் அம்மா.